பக்கத்துக்கு வெளியே என்ன நடக்கிறது?

"எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒன்றையொன்று சந்திக்காத நேர்கோடுகள் சமாந்தரக் கோடுகள்." இந்த ஒரு வரியோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை. வரியில் பிழை இல்லை. பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்கிளிட் எழுதியதும் ஏறத்தாழ இதுதான்: ஒரே தளத்தில் இருந்து, இரு பக்கமும் முடிவின்றி நீட்டப்பட்டாலும் எந்தப் பக்கத்திலும் சந்திக்காத நேர்கோடுகள். என் மனத்தாங்கல் வேறு. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு வரைவிலக்கணத்தைக் கொடுத்தால், அதை வைத்து அந்தப் பிள்ளை எதையாவது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்றால் எண்ணிப் பார்க்கலாம். செங்கோணம் 90 பாகை என்றால் பாகைமானியை வைக்கலாம். முடிவின்றி நீட்டினால் சந்திக்காது என்றால் எங்கே போய்ப் பார்ப்பது? கொப்பியின் ஓரத்தில் கோடு நின்றுவிடுகிறது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாலையில் சில பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒரு மாணவி தன் தவணைப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். சில சோடிக் கோடுகளைத் தந்து, சமாந்தரமானவற்றைத் தெரிவு செய்யச் சொன்ன வினா. இலேசாகச் சரிந்திருந்த ஒரு சோடியையும் அவள் தெரிவு செய்திருந்தாள். பெரிய சிவப்புப் புள்ளடி. "இரண்டும் சந்திக்கவில்லையே சேர்" என்றாள். நீட்டினால் சந்திக்கும் என்றேன். "எவ்வளவு நீட்ட வேண்டும்?" என்று கேட்டாள். அவள் விதண்டாவாதம் பேசவில்லை. தனக்குக் கற்பிக்கப்பட்ட வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்து, கையிலிருந்த தாளில் பொருத்திப் பார்த்திருக்கிறாள்.

கேள்விக்கு விடை இருக்கிறது. அந்தக் கோடுகள் ஒரு நுனியில் 2 சென்ரிமீற்றர் விலகியிருந்தன. சரிவு ஒரு பாகை அளவில் வரும். கணக்குப் போட்டால் அவை சந்திக்கும் இடம் ஏறத்தாழ 115 சென்ரிமீற்றருக்கு அப்பால். தாளைத் தாண்டி, மேசையையும் தாண்டி, அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையனின் மடியில் போய் விழும். சரிவு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காக இருந்திருந்தால் 69 மீற்றர். சனசமூக நிலையத்தின் வேலியையும் கடந்துவிடும். அப்படியான ஒரு சோடியைக் கண்ணால் பார்த்துச் சமாந்தரம் அல்ல என்று சொல்ல, புள்ளடி போட்டவராலும் முடியாது.

தண்டவாளம் என்ற உதாரணம்

சமாந்தரம் என்றதும் ஆசிரியர்களின் வாயில் முதலில் வருவது புகையிரதத் தண்டவாளம். எங்களுக்கும் அதையே சொன்னார்கள். சொன்ன இடம்தான் விசித்திரம். நாங்கள் படித்தது வன்னியில். போரினால் 1990 நடுப்பகுதியில், வடக்குக்கு ஓடிய யாழ்தேவி புகையிரதம் நின்றுபோனது. ஓமந்தைக்கு வடக்கே கிளிநொச்சி வரைக்கும் மீண்டும் புகையிரதம் ஓடியது 2013 செப்டெம்பரில். அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பிறந்து வன்னியிலேயே படித்த ஒரு தலைமுறை, புகையிரதப் பாதை என்ற ஒன்றைப் பார்க்காமலே கேத்திரகணிதம் படித்தது. தண்டவாளம் எங்களுக்குத் தெரியாத பொருள் அல்ல. அதைப் பங்கரின், அதாவது பதுங்குகுழியின், மேல்தட்டில், பனங்குற்றிகளோடு குற்றியாக, மேலே மண்மூடைகளைச் சுமந்தபடி கிடக்கக் கண்டிருக்கிறோம். சிலிப்பர் கட்டைகளும் அங்கேதான் இருந்தன. எவ்வளவு தாங்கும் என்பதுதான் அந்த இரும்பைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்வி. சந்திக்குமா, சந்திக்காதா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஆசிரியர் அதை உணர்ந்துகொண்டு வேறு உதாரணம் தேடினார். வயல் வரம்பைச் சொன்னார். வரம்பு நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வளைந்து போகும். இரணைமடு வாய்க்காலின் இரு கரைகளைச் சொன்னார், அவையும் வளையும். கடைசியில் எங்கள் கொப்பியில் அச்சடித்திருந்த கோடுகளைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். இன்று யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னவற்றிலேயே நல்ல உதாரணம் அந்தக் கொப்பிக் கோடுகள்தான் என்று படுகிறது.

இப்போது தண்டவாளம் வந்துவிட்டது. கொழும்புப் பிள்ளைக்கு இருக்கும் உதாரணம் எங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆனாலும் அது மோசமான உதாரணம் என்றே சொல்வேன். முறிகண்டிப் பக்கம் கடவையில் நின்று பாதை போகும் திசையைப் பாருங்கள்: இரண்டு தண்டவாளமும் தூரத்தில் ஒன்றாகிவிடுகின்றன. சந்திக்கவே சந்திக்காது என்பதற்கு நாம் காட்டும் சாட்சி, பிள்ளையின் கண்ணுக்கு முன்னாலேயே சந்தித்துக் காட்டுகிறது. வளைவுகளில் அவை நேர்கோடுகளும் அல்ல. அங்கே மாறாமல் இருப்பது இடைவெளி மட்டும், 1676 மில்லிமீற்றர். பாதையைப் பராமரிப்பவர்கள் தூரத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை; நிற்கும் இடத்தில் குறுக்கே அளவுச் சட்டத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு தண்டவாளம் மற்றதை நோக்கிப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு சரிந்து, அப்படியே நேராகப் போனால், கிளிநொச்சியில் தொடங்கியது ஆறு கிலோமீற்றருக்குள் மற்றதோடு முட்டிவிடும். அது முட்டாது என்ற உறுதி, குறுக்கே வைக்கும் அந்தச் சட்டத்திலிருந்து வருகிறது.

குறுக்கே வைப்பது. விடயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இரண்டு கோடுகளை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. மூன்றாவது கோடு ஒன்று வர வேண்டும். பாடநூல் அதைக் குறுக்கோடி என்கிறது. வரைவிலக்கணத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மூலைமட்டம் நகர்த்திய கை

வேடிக்கை என்னவென்றால், வரைவிலக்கணத்தைக் கற்ற அதே வாரத்தில் பிள்ளைகள் சமாந்தரக் கோடு வரையவும் பழகிவிடுகிறார்கள். மூலைமட்டத்தின் ஓர் ஓரத்தைக் கோட்டோடு பொருத்தி, இன்னோர் ஓரத்தில் அடிமட்டத்தை அணைத்து, அடிமட்டத்தை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூலைமட்டத்தை மட்டும் நகர்த்திப் புதிய கோட்டைக் கீறுவது. எல்லாப் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். என்ன செய்தாய் என்று கேட்டால் "நகர்த்தினேன்" என்பார்கள். நகராமல் இருந்த அடிமட்டம் குறுக்கோடி. நகர்ந்த மூலைமட்டத்தின் மூலை இரண்டு இடத்திலும் ஒரே கோணம். அந்த இரண்டும் ஒத்த கோணங்கள். பின்னொரு பாடத்தில் தேற்றமாக வரப்போவதைக் கை ஏற்கெனவே செய்துவிட்டது. யாரும் அதைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

மேசன்மாரும் இதே வழிதான். போருக்குப் பின் வீட்டுத்திட்டங்களில் 550 சதுர அடி வீடுகள் ஊர் ஊராக எழுந்தபோது அத்திவாரம் வெட்டுவதை வேண்டுமளவுக்குப் பார்த்திருக்கிறேன். முளை அடித்து நூல் கட்டுவார்கள். எதிர்ப் பக்கங்கள் சமமா என்று இரண்டு முனையிலும் அளப்பார்கள். அதோடு விடமாட்டார்கள், குறுக்கு மூலைகளையும் அளப்பார்கள். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் நூல்கள் சமாந்தரம், அவ்வளவே. வீடு இணைகரமாகச் சரிந்தும் நிற்கலாம். குறுக்கு இரண்டும் சமமானால்தான் மூலைகள் செங்கோணம். ஒரு மேசன் அண்ணையிடம் ஏன் குறுக்கைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, "பார்க்காவிட்டால் கூரை போடும்போது தெரியும் தம்பி" என்றார். (சுவர்களுக்குத் தொங்கவிடும் தூக்குக்குண்டு நூல்களைச் சமாந்தரத்துக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். அவை எல்லாம் பூமியின் மையப் பக்கம் பார்க்கின்றன. ஒரு வீட்டுக்குள் அந்த வேறுபாட்டை யாராலும் பிடிக்க முடியாது. வவுனியாவில் ஒரு குண்டையும் கிளிநொச்சியில் ஒரு குண்டையும் தொங்கவிட்டால் இரண்டு நூலுக்கும் இடையே அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கும்.)

திசுத்தாள்

கோணங்கள் சமம் என்பது இங்கே, தாளின் நடுவே, கையால் அளக்கக்கூடியது. சந்திக்காது என்பது அங்கே, யாரும் போகாத தூரத்தில் நடப்பது. இங்கே அளந்ததை வைத்து அங்கே நடப்பதை எப்படிச் சொல்கிறோம்? அந்த மாணவி கேட்டதும் உண்மையில் இதுதான். நான் சொல்வதால் நம்பு என்பதைத் தவிர வேறு ஏதாவது அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

பட்டம் கட்டும் திசுத்தாள் ஒன்றை எடுத்தோம். கரும்பலகையை விட்டுவிட்டு எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். ஒரு வெள்ளைத் தாளில் மூலைமட்டத்தை நகர்த்தி இரண்டு கோடுகள், அவற்றைச் சாய்வாக வெட்டும் ஒரு குறுக்கோடி. குறுக்கோடி மேற்கோட்டை வெட்டும் புள்ளிக்கும் கீழ்க்கோட்டை வெட்டும் புள்ளிக்கும் நடுவே சரிபாதியில் ஒரு புள்ளி. திசுத்தாளை மேலே விரித்து, படம் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து, அந்த நடுப்புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தினோம். பிறகு திசுத்தாளை மெல்ல அரைச் சுற்றுச் சுற்றினோம்.

மேற்கோட்டின் பிரதி போய்க் கீழ்க்கோட்டின் மேல் அப்படியே படிந்தது. கீழ்க்கோட்டின் பிரதி மேற்கோட்டில் படிந்தது. ஒன்றுவிட்ட கோணங்கள், அதாவது இரு கோடுகளுக்கும் நடுவே குறுக்கோடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளவை, சமமாக இருப்பதால் அப்படித்தான் படியும். ஆனால் இப்போது வலப்பக்கம் இருந்தது இடப்பக்கத்தில் இருக்கிறது. "வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். "தாளுக்கு வெளியே?" என்று கேட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பரீட்சைத் தாளோடு வந்தவள்தான் வாயைத் திறந்தாள்: "வலப்பக்கம் எங்கேயாவது சந்தித்தால், இடப்பக்கமும் அதே தூரத்தில் சந்திக்க வேண்டும் சேர்." அப்படியானால் என்ன? "இரண்டு இடத்தில் சந்திக்க வேண்டும்." சந்திக்கட்டுமே, அதனால் என்ன? "இரண்டு புள்ளிக்கு ஊடாக ஒரு நேர்கோடுதானே போகும். இங்கே இரண்டு இருக்கிறது."

முடிந்தது. கோடுகளை ஓர் அங்குலம்கூட நீட்டாமல் முடிவின்மை வரைக்கும் போய் வந்துவிட்டோம். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. ஒரு பக்கம் நடந்தால் மறுபக்கமும் நடந்தாக வேண்டும், இரு பக்கமும் நடக்க முடியாது, ஆகவே எந்தப் பக்கமும் நடக்காது. பிறகு அவளுடைய பரீட்சைத் தாளில் இருந்த அந்தச் சரிந்த சோடிக்கும் ஒரு குறுக்கோடி கீறி, அதையும் திசுத்தாளில் பிரதி எடுத்துச் சுற்றினோம். நடுவில் பொருந்தினாற்போல இருந்தது. கோட்டின் முனைக்கு வரும்போது பிரதி ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு விலகி நின்றது. அந்தச் சிறு விலகலை அவள் நகத்தால் தொட்டுப் பார்த்தாள். 115 சென்ரிமீற்றருக்கு அப்பால் இருந்த விடயம் தாளுக்குள்ளேயே அகப்பட்டுவிட்டது.

அதோடு விட்டிருப்பார்கள், நிலையத்தின் அலுமாரி மேல் ஒரு பூகோள உருண்டை இல்லாமலிருந்தால். ஒரு பையன் அதை இறக்கி வந்து, மத்திய கோட்டில் விரலை வைத்தான். நெடுங்கோடுகள் இரண்டும் மத்திய கோட்டைச் செங்கோணத்தில் வெட்டுகின்றன, கோணங்கள் சமம், ஆனால் இரண்டும் வடமுனையில் சந்திக்கின்றனவே என்றான். எங்கள் நிறுவல் பொய்யா என்பது அவன் கேள்வி. தென்முனையைப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் சந்திக்கின்றன. திசுத்தாள் சொன்னது உருண்டையிலும் சரிதான்: ஒரு பக்கம் சந்தித்தால் மறுபக்கமும். உருண்டையில் மாறிப்போனது அடுத்த படி. அங்கே நேர்ப்பாதைகள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளலாம், தட்டையான தாளில் முடியாது. ஒரு நிறுவல் எந்தக் கல்லின் மேல் நிற்கிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் கருவி வேறு இல்லை. பள்ளிக்கூடங்களில் அது தூசி படிந்து கிடக்கிறது.

மறுதலை என்ற தனிக்கதை

கோணங்கள் சமம் என்றால் கோடுகள் சமாந்தரம். அதைத் திருப்பிப் போட்டால் மறுதலை: கோடுகள் சமாந்தரம் என்றால் கோணங்கள் சமம். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பாடநூலில் இரண்டும் அடுத்தடுத்து வரும். யூக்கிளிட்டுக்கு அவை ஒன்றல்ல. கி.மு. 300 அளவில் அவர் தொகுத்த 'மூலகங்கள்' என்ற தொகுதியின் முதல் நூலில், முதலாவது 27ஆம், 28ஆம் கூற்றுகளாக வருகிறது. இரண்டாவது 29ஆம் கூற்று. 28 கூற்றுகள் வரைக்கும் தொடாமல் வைத்திருந்த தன் ஐந்தாம் எடுகோளை (நிறுவாமலே ஏற்றுக்கொண்ட கூற்றை) அங்கேதான் அவர் முதன்முதலாக எடுக்கிறார்: ஒரு குறுக்கோடியின் ஒரு பக்கத்து அகக்கோணங்கள் இரண்டும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குக் குறைந்தால், கோடுகள் அந்தப் பக்கத்தில் சந்திக்கும். எங்கள் திசுத்தாளால் இதைக் காட்ட முடியாது. தரப்பட்ட புள்ளிக்கு ஊடாகச் சந்திக்காத ஒரு கோடாவது உண்டு என்று அது காட்டும்; ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று காட்டாது.

இந்த ஓர் இடைவெளியை அடைக்க அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றார்கள். உமர் கய்யாம் முயன்றார். 1733இல் சக்கேரி ஒரு நூலே எழுதினார். 1829இல் லொபசெவ்ஸ்கியும் 1832இல் போயாயும், அந்த எடுகோள் இல்லாமலே முரண்பாடற்ற வேறொரு கேத்திரகணிதம் இருக்க முடியும் என்ற முடிவோடு வந்தார்கள். அதில் ஒரு புள்ளிக்கு ஊடாகச் சந்திக்காத கோடுகள் எண்ணற்றவை. தரம் 8 பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். ஆனால் இரண்டு தேற்றங்களும் ஒரே பொருளின் இரண்டு பக்கம் என்று சொல்லி விடுவதும் சரியில்லை. முதலாவதை வைத்துக் கோடு வரைகிறோம், அத்திவாரம் வெட்டுகிறோம். இரண்டாவதை வைத்துப் போக முடியாத இடத்தை அளக்கிறோம்.

பண்டைய கிரேக்க அறிஞர் எரற்றோஸ்தனீஸ் பூமியை அளந்தது அப்படித்தான். எகிப்தின் தெற்கே உள்ள சையீனில் சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, சரிந்திருந்தது. சூரியக் கதிர்கள் சமாந்தரம். நட்டு நிற்கும் தடியைப் பூமியின் மையம் வரை நீட்டினால் அது குறுக்கோடி. தடியின் உச்சியில் உள்ள கோணமும் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள். ஆகவே பூமியின் சுற்றளவு இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தின் ஐம்பது மடங்கு. எங்களுக்கு எகிப்துக்குப் போகத் தேவையில்லை. ஏப்ரல் 5 அளவில் சூரியன் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனைக்கு நேர் மேலே வரும்; பிறகு ஒவ்வொரு நாளாக வடக்கே ஏறி, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிக் கிளிநொச்சிக்கு மேலே வரும். சூரியன் தெய்வேந்திரமுனைக்கு மேலே நிற்கும் அந்த நாள் மதியம் கிளிநொச்சியில் நிலைக்குத்தாக நட்ட ஒரு மீற்றர் தடியின் நிழல் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் இருக்கும். அது மூன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் தென்முனைக்கும் எங்களுக்கும் உள்ள வடக்குத் தெற்குத் தூரம் ஏறத்தாழ 384 கிலோமீற்றர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு கணிப்பானும் இல்லாமல் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் அளவு என்று ஒரு பிள்ளை சொல்லிவிடலாம்.

பள்ளியில் கணிதம் படிப்பிக்கும் நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி ஒவ்வொரு தவணையும் வாக்குவாதம் நடக்கிறது. வரைவிலக்கணத்தைக் கடைசியில் வை, முதலில் மூலைமட்டம், பிறகு குறுக்கோடி, பிறகு திசுத்தாள் என்கிறேன். எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம், வகுப்பில் நாற்பது பிள்ளை, குண்டூசியை யார் பொறுப்பெடுப்பது என்கிறார் அவர். பரீட்சையில் கேட்பது வரைவிலக்கணமும் காரணமும். காரணத்தை அடைப்புக்குறிக்குள் எழுதாவிட்டால் புள்ளி போய்விடும், நீ தடி நட்டு நிழல் பார்த்துக்கொண்டிருந்தால் சாதாரண தரத்தில் பதில் சொல்வது நான்தான் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரே கொண்டுவந்து காட்டிய விடைத்தாள்களில், கோணங்கள் சமம் என்று நிறுவ வேண்டிய இடத்தில் "சமாந்தரக் கோடுகள்" என்றும், கோடுகள் சமாந்தரம் என்று நிறுவ வேண்டிய இடத்திலும் அதே "சமாந்தரக் கோடுகள்" என்றும் பாதி வகுப்பு எழுதியிருந்தது. எதைத் தந்திருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்ற வேறுபாடே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது திசுத்தாள் ஒரு கட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். வாங்கி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனார். பட்டம் கட்டுவதற்கு என்று சொல்லித்தான் போனார்.